நவீன உலக வரலாறு: 1769, 1789, 1914, 1945 – எந்த ஆண்டில் தொடங்குவது?

உலக வரலாறு படிக்க உட்காருகிறவர்களில் பலர் பாதியில் விட்டுவிடுவதற்குச் சோம்பல் காரணமில்லை. மனத்தில் இருந்த கேள்வி ஒன்று, புத்தகத்தைத் திறந்த இடம் வேறொன்று. காசாவில் ஏன் சண்டை என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர் 1789 பிரெஞ்சுப் புரட்சியின் பாஸ்டில் சிறையில் தொடங்கினால், நூற்று இருபது ஆண்டுகளைத் தாண்டித்தான் பாலஸ்தீனத்துக்கு வந்துசேர முடியும். புரட்சித் தலைவர் ரோபஸ்பியரின் தலை விழுவதற்கு முன்பே புத்தகம் மூடப்பட்டுவிடும்.

பாடத்திட்டங்களும் இதில் பெரிதாகக் கைகொடுப்பதில்லை. குடிமைப் பணி முதன்மைத் தேர்வின் பொதுத் தாள் 18ஆம் நூற்றாண்டு முதலான உலக நிகழ்வுகள் என்று சொல்லிவிட்டு தொழிற்புரட்சி, உலகப் போர்கள், எல்லைகள் மாற்றி வரையப்பட்டது, காலனியாக்கம், காலனி நீக்கம் என்று அடுக்குகிறதே தவிர, எதை முதலில் எடுப்பது என்று சொல்வதில்லை. தமிழ்நாட்டில் 2019இல் வந்த பத்தாம் வகுப்புப் பாடநூல் நேராக முதல் உலகப் போரில் தொடங்குகிறது. புரட்சிகளும் தொழிற்புரட்சியும் ஒன்பதாம் வகுப்போடு முடிந்துவிட்டன. ஒன்பதாம் வகுப்பை மறந்துவிட்டுப் பத்தாம் வகுப்பை எடுப்பவருக்கு, 1914இல் ஆப்பிரிக்கா ஏறக்குறைய முழுவதும் ஐரோப்பியர் கையில் எப்படி இருந்தது என்பதே விளங்காது.

இங்கே நான்கு தொடக்கங்களை எடைபோடலாம்: நீராவி இயந்திரத்தின் 1769, பிரெஞ்சுப் புரட்சியின் 1789, முதல் உலகப் போரின் 1914, இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945. வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கிய 1498ஐயும் சிலர் சொல்வார்கள். நல்ல தொடக்கம்தான், ஆனால் இன்றைக்கு வந்துசேர ஐந்நூறு ஆண்டுகள் ஆகும். சோவியத் ஒன்றியம் கலைந்த 1991இல் தொடங்கினால் எல்லாமே விளைவுகளாகத் தெரியும், காரணம் ஒன்றும் தெரியாது. இரண்டையும் ஒதுக்கிவிடுவோம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். குறிப்பிட்ட கேள்வி எதுவும் இல்லாமல் பொதுவாகப் படிக்க விரும்புகிறவருக்கு 1914. ஆனால் போரைத் தொடக்கிவைத்த சரயேவோவின் துப்பாக்கிச் சத்தத்தோடு நின்றுவிடாமல், 1917க்கும் 1923க்கும் இடைப்பட்ட ஆறு ஆண்டுகளில் மூன்றில் ஒரு பங்கு நேரத்தைச் செலவிடத் தயாராக இருந்தால் மட்டுமே.

## எதை வைத்து எடைபோடுவது

முதலாவது, உள்ளே நுழைய எவ்வளவு முன்னறிவு வேண்டும் என்பது. இரண்டாவது, அங்கே தொடங்கினால் இன்றைய நாளிதழ்ச் செய்தி எவ்வளவு விளங்கும். மூன்றாவது, அந்தக் கதை ஐரோப்பாவை விட்டு எப்போது வெளியே வருகிறது. நம்மைப் போன்றவர்களுக்கு இதுதான் முக்கியமான அளவுகோல், பலர் கேட்க மறக்கும் அளவுகோலும் இதுவே. நான்காவது, பெயர், தேதிச் சுமை. ஐந்தாவது, நிறுத்த ஓர் இடம் இருக்கிறதா என்பது. எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் தொடங்கிய படிப்பு முடிவதே இல்லை.

இவை தவிர ஒவ்வொரு தொடக்கத்துக்கும் ஒரு மறைமுகச் செலவு உண்டு. எந்த ஆண்டில் தொடங்குகிறோமோ, அதற்கு முந்தைய நிலையை இயல்பானது என்று மனம் எடுத்துக்கொள்ளும். 1945இல் தொடங்குகிறவருக்கு அமெரிக்கா எப்போதுமே வல்லரசுதான். 1914இல் தொடங்குகிறவருக்குக் காலனிகள் மலை, ஆறு போல இருந்தபடி இருப்பவை.

## 1769: நீராவியும் பருத்தியும்

ஜேம்ஸ் வாட் நீராவி இயந்திரத்தைக் கண்டுபிடித்தார் என்று பள்ளியில் படித்தது பாதி உண்மை. நியூகோமனின் இயந்திரம் 1712இலேயே சுரங்கங்களில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தது. அதில் ஒவ்வொரு வீச்சுக்கும் உருளையைச் சூடாக்கி, உடனே குளிர்ந்த நீரைப் பீய்ச்சிக் குளிர்விக்க வேண்டும்; நிலக்கரியின் பெரும்பகுதி உருளையின் இரும்பை மறுபடி சூடாக்கவே போனது. வாட் செய்தது, நீராவியைக் குளிர்விக்கத் தனியாக ஒரு கலம் வைத்தது. 1769இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். அவரும் கூட்டாளி போல்ட்டனும் இயந்திரத்துக்கு வாங்கிய கட்டணம், பழைய இயந்திரத்தோடு ஒப்பிடும்போது மிச்சமாகும் நிலக்கரிச் செலவில் மூன்றில் ஒரு பங்கு. அதனால்தான் நிலக்கரி விலை அதிகமாக இருந்த கார்ன்வால் சுரங்கங்களில் அது முதலில் நன்றாக விற்றது. கண்டுபிடிப்பு எந்த ஊரில் பரவும் என்பதை எரிபொருள் விலை முடிவுசெய்தது. இந்த ஒரு கணக்கைப் புரிந்துகொண்டவர் தொழிற்புரட்சியின் பாதியைப் புரிந்துகொண்டவர்.

இந்தத் தொடக்கத்தின் பெரிய பலம் மூன்றாவது அளவுகோலில் இருக்கிறது. இங்கிலாந்து இந்திய அச்சுத்துணிகளைத் தடுக்க 1700இலும் 1721இலும் சட்டம் போட்டது; அந்தப் பாதுகாப்பில்தான் லங்காஷயர் பருத்தித் தொழில் வளர்ந்தது. அந்தத் துணிகளில் சோழமண்டலக் கரையிலிருந்து போனவையும் உண்டு. 1793இல் விட்னியின் பருத்தி அரவை இயந்திரம் வந்தபின் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் பருத்தி பெருகியது. 1790இல் சுமார் 7 இலட்சமாக இருந்த அடிமைகளின் எண்ணிக்கை 1860இல் 40 இலட்சத்தை நெருங்கியது. பிரிட்டன் 1833இல் தன் காலனிகளில் அடிமை முறையைச் சட்டப்படி ஒழித்ததும் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. மொரிஷியஸ், தென்னாப்பிரிக்காவின் நாட்டால் என்று ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்களும் கப்பல் ஏறினார்கள். இலங்கை, மலாயாத் தோட்டங்களுக்குப் போன கதையும் இதே இழையில் வருவதுதான். மான்செஸ்டரில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் வரலாறு வேறெந்தத் தொடக்கத்திலும் இவ்வளவு நேராக வராது.

அப்படியானால் எல்லோரும் இங்கேயே தொடங்க வேண்டியதுதானே? சிக்கல் நான்காவதிலும் ஐந்தாவதிலும் வருகிறது. இதற்கு நாள், நட்சத்திரம் கிடையாது, வில்லன் கிடையாது, திருப்புமுனைப் போர் கிடையாது. கதை இல்லாத இடத்தில் மனம் பட்டியலைப் பிடித்துக்கொள்ளும். ஹார்கிரீவ்ஸ், ஆர்க்ரைட், கிராம்ப்டன், கார்ட்ரைட் என்று பெயர்–கருவி–ஆண்டு அட்டவணையை மனப்பாடம் செய்துவிட்டு, தொழிற்புரட்சி படித்தாயிற்று என்று நம்புவதுதான் இங்கே வழக்கமாக நடக்கும் தவறு. அந்த அட்டவணையில் கூலி இல்லை, விலை இல்லை, ஒன்பது வயதுக்குட்பட்ட குழந்தைகளை நெசவாலைகளில் வேலைக்கு வைக்கக் கூடாது என்ற விதியை ஆய்வாளர்களை வைத்து அமலாக்க 1833 வரை ஆனது என்பதும் இல்லை. இதைவிடப் பெரிய செலவு: ஏன் இங்கிலாந்தில், ஏன் சீனாவிலோ இந்தியாவிலோ இல்லை என்ற விவாதம். அறிஞர்களே இன்னும் முட்டிமோதிக்கொண்டிருக்கும் இடம் அது. புதிதாக வருகிறவர் அதற்குள் இறங்கினால் வெளியே வர மாதங்கள் ஆகும்.

பொருளாதாரம், வணிகம், பொறியியல் படித்தவர்களுக்கும், பருவநிலை மாற்றத்தின் வேரைத் தேடுகிறவர்களுக்கும் இதுவே சரியான இடம். நிறுத்தம் வேண்டுமென்றால் சூயஸ் கால்வாய் திறந்த 1869இல் நிறுத்தலாம். சரியாக நூறு ஆண்டு.

## 1789: பாஸ்டில்

பழைய உலக வரலாற்று நூல்கள் பலவும் இங்கே தொடங்கும்; பழக்கம்தான் பெரும்பாலும் காரணம். ஆனால் ஒரு விஷயத்தில் இதற்கு ஈடு கிடையாது: இன்றைய அரசியலின் சொல்லகராதி முழுவதும் இங்கே பிறந்தது. இடதுசாரி, வலதுசாரி என்பது 1789இன் தேசிய சபையில் யார் தலைவருக்கு எந்தப் பக்கம் உட்கார்ந்தார்கள் என்பதிலிருந்து வந்தது. குடிமகன் என்ற உரிமைப் பட்டம், எழுதப்பட்ட உரிமைப் பிரகடனம், ஏன், நாம் துணி அளக்கும் மீட்டர்கூடப் புரட்சி அரசு 1795இல் சட்டமாக்கியதுதான்.

பாஸ்டிலில் தொடங்காதீர்கள். 14 ஜூலை 1789 அன்று அந்தச் சிறையில் இருந்த கைதிகள் ஏழு பேர்தான். கடனில் தொடங்குங்கள். அமெரிக்க விடுதலைப் போருக்குப் பணம் கொட்டிய பிரெஞ்சு அரசு, புரட்சிக்கு முந்தைய ஆண்டில் தன் செலவில் ஏறக்குறைய பாதியைக் கடனுக்கே கட்டிக்கொண்டிருந்தது. பிரபுக்களும் திருச்சபையும் வரிச்சலுகையை விட மறுத்தார்கள். 1788இல் விளைச்சல் பொய்த்தது. பாரிசில் ரொட்டி விலை உச்சத்துக்குப் போனது, தற்செயலோ என்னவோ, பாஸ்டில் விழுந்த அதே வாரத்தில்தான். இந்த மூன்றையும் சேர்த்துப் படித்தபின் 4 ஆகஸ்ட் இரவில் நிலப்பிரபுத்துவ உரிமைகள் ஒழிக்கப்பட்டது ஏன் என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

பிறகு வருவதுதான் கஷ்டம். முடியாட்சி, அரசியல்சட்ட முடியாட்சி, குடியரசு, இயக்குநர் ஆட்சி, நெப்போலியன் தலைமையிலான கான்சல்கள் ஆட்சி, பேரரசு, மறுபடி முடியாட்சி என்று 1789க்கும் 1815க்கும் இடையில் அரசு மாறிக்கொண்டே இருக்கும். போதாக்குறைக்குப் புரட்சிக்காரர்கள் நாட்காட்டியையும் மாற்றினார்கள். வாரத்துக்குப் பத்து நாள். ரோபஸ்பியர் வீழ்ந்த தெர்மிடோர் 9 என்றால் 27 ஜூலை 1794. நெப்போலியன் ஆட்சியைப் பிடித்த புருமேர் 18 என்றால் 9 நவம்பர் 1799. எல்லாத் தேதிகளையும் வழக்கமான நாட்காட்டிக்கு மாற்றி ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளாதவர் நிச்சயம் குழம்புவார். பயங்கர ஆட்சிக் காலத்தில் மாதக்கணக்கில் தங்கிவிடுவது இன்னொரு பொறி. கில்லட்டின் கண்ணை இழுக்கும், சட்டம் இழுக்காது. ஆனால் இன்றும் பல நாடுகளின் உரிமையியல் சட்டத்துக்கு அடியில் கிடப்பது 1804இன் நெப்போலியன் சட்டத்தொகுப்பு.

இந்தத் தொடக்கத்தின் மறைமுகச் செலவு ஹெய்ட்டி. பாரிசோடு நின்றுவிடுகிறவர்களுக்கு, 1791 ஆகஸ்டில் ஹெய்ட்டியாக மாறவிருந்த செயின்ட் டொமிங் என்ற பிரெஞ்சுக் காலனியில் எழுந்த அடிமைகள் அதே உரிமைப் பிரகடனத்தின் பெயரால் போராடி 1 ஜனவரி 1804 அன்று தனி நாடு அமைத்தது தெரியாமலே போய்விடும். பிரான்ஸ் 1825இல் போர்க்கப்பல்களை அனுப்பி, நாட்டை அங்கீகரிக்க 15 கோடி பிராங்க் இழப்பீடு கேட்டது. இழப்பீடு யாருக்கு? அடிமைகளை இழந்த உரிமையாளர்களுக்கு. 1838இல் தொகை 9 கோடியாகக் குறைக்கப்பட்டாலும், அதைக் கட்ட வாங்கிய கடன்கள் தீர 1947 ஆயிற்று. சமத்துவத்தின் எல்லை எதுவரை என்று கேட்க விரும்புகிறவர் இந்த அத்தியாயத்தைத் தவிர்க்கவே முடியாது.

அரசியல் அறிவியல், சட்டம் படிப்பவர்களுக்கு 1789 பொருந்தும். 1815 வியன்னா மாநாடு இயல்பான நிறுத்தம். மற்றவர்களுக்கு இது இரண்டாவது சுற்றில் படிக்க வேண்டிய பகுதி.

## 1914: சரயேவோ முதல் லோசான் வரை

முன்னறிவு அதிகம் வேண்டாம், கதையோட்டம் உண்டு, இன்றைய வரைபடத்தோடு நேரடித் தொடர்பு உண்டு. எனவே முதல் இடம்.

28 ஜூன் 1914 அன்று சரயேவோவில் ஆஸ்திரியா-ஹங்கேரியின் பட்டத்து இளவரசர் பிரான்ஸ் பெர்டினாண்டும் மனைவி சோபியும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சுட்ட கவ்ரிலோ பிரின்சிப்புக்கு வயது 19. அங்கிருந்து 4 ஆகஸ்ட் அன்று பிரிட்டன் போர் அறிவித்தது வரை 37 நாள். இந்த 37 நாளை நாள்வாரியாக எழுதிப் பாருங்கள். முதல் மூன்று வாரம் ஏறக்குறைய ஒன்றுமே நடக்காது. 5, 6 ஜூலையில் ஜெர்மனி ஆஸ்திரியாவுக்குக் கொடுத்த நிபந்தனையற்ற ஆதரவு மட்டும். 23 ஜூலையில் செர்பியாவுக்கு 48 மணி நேரக் கெடு. 28இல் போர் அறிவிப்பு. 30இல் ரஷ்யா முழுப் படைதிரட்டலுக்கு உத்தரவு. அதன்பின் நாலைந்து நாளில் எல்லாம் முடிந்துவிடுகிறது.

ஏன் இத்தனை அவசரம்? பதில் ரயில் கால அட்டவணையில் இருக்கிறது. ஜெர்மனியின் திட்டப்படி முதலில் பெல்ஜியம் வழியாகப் புகுந்து ஆறே வாரத்தில் பிரான்சை வீழ்த்த வேண்டும், ரஷ்யா ஆள் சேர்த்து முடிப்பதற்குள் படையைக் கிழக்கே திருப்ப வேண்டும். ஆகவே ரஷ்யா படை திரட்டத் தொடங்கிய நொடியிலிருந்து ஜெர்மனிக்கு ஒவ்வொரு நாளும் நஷ்டம். 1 ஆகஸ்ட் அன்று, பிரிட்டன் ஒதுங்கி நிற்கக்கூடும் என்று நம்பிய கெய்சர் வில்லியம், படை முழுவதையும் கிழக்கே மட்டும் அனுப்ப முடியுமா என்று தளபதி மோல்ட்கேயைக் கேட்டார். ஆண்டுக்கணக்கில் போட்ட ரயில் ஏற்பாட்டை ஒரே இரவில் மாற்ற முடியாது என்பது மோல்ட்கேயின் பதில். சக்கரவர்த்தியைவிட அட்டவணைக்கு அதிகாரம் அதிகமாக இருந்த தருணம் அது. கூட்டணிகளே போருக்குக் காரணம் என்ற பாடப்புத்தக வரி இந்த இடத்தில் போதாது என்று தெரிந்துவிடும்.

போரின் நான்கு ஆண்டுகளில் மார்ன், கலிபோலி, வெர்டன், சோம் ஆகிய நான்கு போர்க்களங்கள் போதும். பதுங்குகுழிகளிலேயே தேங்கிவிடுவதுதான் 1914இல் தொடங்குகிறவர்கள் செய்யும் பெரிய பிழை. நம் பக்கத்துத் தடயங்களை மட்டும் விடாதீர்கள்: 22 செப்டம்பர் 1914 இரவு எம்டன் கப்பல் சென்னைத் துறைமுகத்தின் மீது சுமார் 130 குண்டுகள் வீசி எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியது. எமகாதகனை எம்டன் என்று இன்றும் சொல்கிறோமே, அந்தக் கப்பல். படைவீரரும் தொழிலாளருமாக 13 இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் இந்தப் போரில் பணியாற்றினார்கள். 70 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை.

இனி அசல் பாடம். போரின்போது பிரிட்டன் ஒரே நிலப்பரப்பைப் பற்றி மூன்று வாக்குறுதிகள் கொடுத்தது. 1915–16இல் மெக்காவின் ஷெரீப் உசேனுக்கு எழுதிய கடிதங்களில் அரபு விடுதலை; 1916 மே மாதத்தின் சைக்ஸ்–பிக்கோ இரகசிய ஒப்பந்தத்தில் பிரான்சோடு பங்குபிரிவு; 2 நவம்பர் 1917இன் பால்ஃபர் பிரகடனத்தில் பாலஸ்தீனத்தில் யூதர்களுக்கு ஒரு தாயகம். மூன்றையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்தால், அடுத்த நூறு ஆண்டுச் செய்திகளுக்கு முகவுரை தயார். மோசுல், பாக்தாத், பஸ்ரா என்ற மூன்று ஓட்டோமான் (துருக்கியப் பேரரசு) மாகாணங்களைச் சேர்த்து ஈராக் உருவானதும், 1920இன் செவ்ர் ஒப்பந்தம் குர்துகளுக்குக் காட்டிய நம்பிக்கை 1923இன் லோசான் ஒப்பந்தத்தில் காணாமல் போனதும் இதன் தொடர்ச்சிதான்.

வெர்சாய் ஒப்பந்தத்தில் ஜெர்மனியின் இழப்பீட்டையும், போருக்கான பொறுப்பை அதன் மீது சுமத்திய 231ஆவது பிரிவையும் மட்டும் பார்த்துவிட்டு நேராக ஹிட்லருக்குத் தாவுவது வழக்கம். கொஞ்சம் நில்லுங்கள். 1919இன் வசந்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டாலே போதும்: 1 மார்ச், ஜப்பானுக்கு எதிராகக் கொரியா எழுந்தது, அதே மாதம் எகிப்து பிரிட்டனுக்கு எதிராக எழுந்தது, 13 ஏப்ரல், ஜாலியன்வாலா பாக், 4 மே, ஷாண்டோங்கில் ஜெர்மனிக்கிருந்த உரிமைகளை ஜப்பானுக்குக் கொடுத்ததைக் கண்டித்துப் பெய்ஜிங் மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். பத்து வாரத்துக்குள் நான்கு நாடுகள். ஐரோப்பாவை விட்டு வெளியே வருவது என்ற அளவுகோலில் 1914 தேறுவது இந்தப் பத்து வாரத்தால்தான்.

செலவு என்ன? ரஷ்யப் புரட்சித் தேதிகள் ஒரு சிறு தலைவலி. பழைய ரஷ்ய நாட்காட்டி 13 நாள் பின்தங்கியது, ஆகவே அக்டோபர் புரட்சி நடந்தது நமக்கு 7 நவம்பர். பெரிய செலவு, முன்பே சொன்னதுபோல், பேரரசுகளை இயல்பாக எடுத்துக்கொள்வது. 1884–85 பெர்லின் மாநாட்டையும் ஆப்பிரிக்கப் பங்கீட்டையும் ஒரு வாரம் ஒதுக்கிப் படித்துவிட்டுச் சரயேவோவுக்கு வந்தால் இந்தக் குறை பெரும்பாலும் சரியாகும்.

## 1945: இன்றைய நிறுவனங்களின் பிறப்பு

நாளிதழ் படிக்க மட்டும் வரலாறு வேண்டும் என்பவருக்கு 1945 மிகக் குறுகிய வழி. ஐ.நா. சாசனத்தில் 26 ஜூன் 1945 அன்று சான் பிரான்சிஸ்கோவில் 50 நாடுகள் கையெழுத்திட்டன. இன்று உறுப்பினர்கள் 193. அன்று விடுதலை பெறாத இந்தியாவின் சார்பில் கையெழுத்திட்டவர் ஆற்காடு இராமசாமி முதலியார். அதற்கு முந்தைய ஜூலையில் பிரெட்டன் வுட்ஸில் 44 நாடுகள் கூடிப் பன்னாட்டு நிதியத்துக்கும் உலக வங்கிக்கும் அடித்தளம் போட்டபோது இந்தியக் குழுவில் கோயம்புத்தூர் ஆர்.கே. சண்முகம் செட்டியார் இருந்தார். ஒரு அவுன்ஸ் தங்கம் 35 டாலர் என்ற அந்த ஏற்பாட்டை நிக்சன் 15 ஆகஸ்ட் 1971 அன்று நிறுத்தினார். டாலர் விலை பற்றிய இன்றைய செய்திகளை அந்த இரண்டு தேதிகளுக்கு நடுவில் வைத்துப் படிக்க வேண்டும்.

பாதுகாப்பு அவையில் ஐந்து நாடுகளுக்கு மட்டும் தடுப்பதிகாரம் (வீட்டோ) ஏன் என்ற கேள்விக்கும் இங்கே நேரடிப் பதில் கிடைக்கும்: வென்றவர்கள் எழுதிய விதி அது. கொரியா இரண்டாகக் கிடப்பது ஏன்? 1945 ஆகஸ்ட் 10–11 இரவில், வாஷிங்டனில், இரண்டு அமெரிக்கப் படை அதிகாரிகள் ஒரு பத்திரிகை வரைபடத்தை வைத்துக்கொண்டு அரை மணி நேரத்தில் 38ஆவது இணைகோட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். சோல் நகரம் அமெரிக்கப் பக்கம் விழ வேண்டும் என்பதே அவர்கள் கவலை. 1953 ஜூலையில் போர்நிறுத்தம் வந்தது. சமாதான ஒப்பந்தம் இன்றுவரை இல்லை.

ஆனால் 1945இன் மறைமுகச் செலவுதான் நான்கிலும் அதிகம். ஹிட்லர் எங்கிருந்தோ குதித்தவராகத் தெரிவார். எல்லாமே அமெரிக்கா–ரஷ்யா பந்தயமாகச் சுருங்கும். 1955இல் இந்தோனேசியாவின் பாண்டுங் மாநாட்டில் கூடிய 29 ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் தமக்கென்று ஒரு கணக்கு வைத்திருந்தன என்பது கண்ணில் படாது. அதைவிட நடைமுறைச் சிக்கல் ஒன்று: 1945க்குப் பின் வரலாறு ஒரே கோட்டில் ஓடாது. 1947–48க்குள் மட்டும் இந்தியப் பிரிவினை, இலங்கை, பர்மா விடுதலை, இஸ்ரேல், பெர்லின் முற்றுகை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழும். ஆண்டுவாரியாகப் படித்தால் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருக்கும். ஆகவே வட்டாரவாரியாகப் படியுங்கள்: கிழக்காசியா, மேற்காசியா, தெற்காசியா, ஆப்பிரிக்கா, ஐரோப்பா. ஆப்பிரிக்காவுக்கு 1960ஐ நடுவில் வையுங்கள். அந்த ஓர் ஆண்டில் மட்டும் 17 நாடுகள் விடுதலை பெற்றன.

இன்னொன்று. சமகாலத்துக்கு நெருங்க நெருங்க வாட்ஸ்அப் வரலாறும் கூடவே வரும். ஒரு தேதியும் ஓர் ஆவணத்தின் பெயரும் சொல்லாத கூற்றைக் குறிப்பேட்டில் ஏற்றாமல் இருப்பது நல்லது.

மலேசியத் தமிழர்களுக்கு ஒரு சிறு திருத்தம்: 1945க்குப் பதில் 1941 டிசம்பரில் தொடங்குங்கள். ஜப்பான் மலாயாவுக்குள் இறங்கியதும், 415 கிலோமீட்டர் சயாம்–பர்மா ரயில் பாதைக்குத் தோட்டத் தமிழர்கள் கொண்டுசெல்லப்பட்டதும் விடுபட்டுப்போன 1945 அவர்களுக்கு அரைகுறைதான்.

## ஒரே பார்வையில்

| | 1769 | 1789 | 1914 | 1945 |
|---|---|---|---|---|
| முன்னறிவு | பொருளாதார அடிப்படை வேண்டும் | கொஞ்சம் | மிகக் குறைவு | போருக்கு முந்தைய கதை வேண்டும் |
| இன்றைய செய்தி | பருவநிலை, வணிகம் | அரசியல், சட்டம் | மேற்காசியா, எல்லைத் தகராறுகள் | ஐ.நா., டாலர், கொரியா |
| ஐரோப்பாவுக்கு வெளியே | உடனடியாக | ஹெய்ட்டி படித்தால் மட்டும் | 1917க்குப் பின் | தொடக்கம் முதல் |
| பெயர், தேதிச் சுமை | குறைவு, ஆனால் கதை இல்லை | மிக அதிகம் | நடுத்தரம் | அதிகம், சிதறியது |
| நிறுத்துமிடம் | 1869 | 1815 | 1923 அல்லது 1947 | 1991 |
| எதை மறைக்கும் | தனிமனிதர், அரசியல் | அடிமை முறை | காலனிகளின் தோற்றம் | ஹிட்லரின் வேர், சிறு நாடுகள் |

## சில நிலைமைகள்

தேர்வுக்கு ஓராண்டு இருந்தால் 1769, 1789, 1914, 1945 என்று கால வரிசையிலேயே போகலாம். மூன்று மாதம்தான் இருக்கிறதென்றால் 1914இல் தொடங்கி 1947 வரை வந்து, மீதமுள்ள நாளில் பின்னால் போய் 1789ஐயும் 1769ஐயும் குறிப்புகளாக மட்டும் முடியுங்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பவருக்கு நீராவி இயந்திரம்தான் எளிது. கெட்டில் மூடி எழும்புவதைச் சமையலறையிலேயே காட்ட முடியும், 231ஆவது பிரிவைக் காட்ட முடியாது. உக்ரைன் போரைப் புரிந்துகொள்ள வேண்டும் என்பவர் 1945ஐத் தொட வேண்டாம். 1917இல் தொடங்கி, சோவியத் ஒன்றியம் அமைந்த 1922 டிசம்பர், கிரிமியா உக்ரைனுக்கு மாற்றப்பட்ட 1954, ஒன்றியம் கலைந்த 1991 என்று நான்கு இடங்களில் நின்றால் போதும்.

1914ஐத் தேர்ந்தெடுத்தவருக்குப் பன்னிரண்டு வாரம் இப்படிப் பிரியும்: பெர்லின் மாநாடும் பேரரசுகளும் ஒரு வாரம்; 37 நாள் நெருக்கடி ஒரு வாரம்; போர்க்களங்கள் ஒன்றரை வாரம், அதற்கு மேல் வேண்டாம்; 1917–23 நான்கு வாரம்; 1929 பொருளாதார வீழ்ச்சி முதல் 1939 வரை இரண்டு வாரம்; 1939–47 மீதி இரண்டரை வாரம். நான்காவது வாரத்தில் ரஷ்யப் புரட்சியின் கட்சிப் பெயர்களில் பலர் நொந்துபோவார்கள். போல்ஷெவிக், மென்ஷெவிக், சமூகப் புரட்சியாளர் என்ற மூன்றோடு நிறுத்திக்கொண்டு மேலே போய்விடலாம்.

தேவைப்படும் கருவி இரண்டு வெற்று வரைபடங்கள்: ஒன்று 1914க்கு, ஒன்று 1923க்கு. முதலாவதில் ரஷ்ய, ஜெர்மானிய, ஆஸ்திரிய-ஹங்கேரிய, ஓட்டோமான் பேரரசுகளை நான்கு வண்ணத்தில் நிரப்புங்கள்; ஆப்பிரிக்காவில் ஐரோப்பியர் காலனிகளை எல்லாம் ஐந்தாவது வண்ணத்தில் நிரப்பினால் எத்தியோப்பியாவும் லைபீரியாவும் மட்டும் வண்ணமின்றி நிற்கும். இரண்டாவதில் அந்த நான்கு வண்ணங்களும் இருந்த இடத்தில் புதிதாக வந்த எல்லைகளைப் பென்சிலால் போடுங்கள், ஒவ்வொரு கோட்டின் மேலும் அதை வரைந்த ஒப்பந்தத்தின் பெயரோடு. பெயர் எழுத முடியாத கோடு எதுவோ, அடுத்த வாரம் படிக்க வேண்டியது அது.